சேதி கொண்டு போகிறவர்கள்

எனக்கு மழை என்றால் பயம். டெல்டாவில் பிறந்து, விதைநெல்லும் உரமும் விற்றுப் பிழைக்கிறவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் டிவியில் 'காற்றழுத்தத் தாழ்வு' என்று வாசித்த மாத்திரத்தில் குழாயடிக்கு ஓடிவிடுவேன். குடம், அண்டா, பிள்ளைகளின் பழைய தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைப்பேன். அதுவும் போதாமல் ஒரு தடவை கிரைண்டரிலும் பிடித்து வைத்தேன். அந்தப் புயல் திசை மாறி வங்காளத்துக்குப் போய்விட்டது. "வங்காளத்துல புயல் அடிச்சா எங்க வீட்டுல இட்லி கிடையாது" என்று என் மனைவி தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். அதிலிருந்து ஊரில் என்னைப் பார்த்தாலே சிரிப்பு. நானும் அதை வளர்த்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்று பெயரெடுப்பதைவிடக் கோமாளி என்று பெயரெடுப்பது மரியாதை.

ரேடியோ பிடித்ததும் பயத்தால்தான். முன்பு ஒரு புயலில் டவர்கள் சாய்ந்து போன் எல்லாம் செத்துப்போனபோது, பூதலூரில் கட்டிக்கொடுத்த என் தங்கையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் மனசுக்குள் அவளுக்குக் காரியம் வரைக்கும் செய்து முடித்துவிட்டேன். பந்திக்கு யார் யார் வருவார்கள் என்றுகூட யோசித்தாயிற்று. பிறகு போய்ப் பார்த்தால் அவள் கட்டிலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்த கையோடு அமெச்சூர் ரேடியோ பரீட்சைக்கு எழுதிப் போட்டேன். கை நடுக்கத்தில் முதல் தடவை தோற்று, மறு தடவை தேறினேன். டவர் இல்லாமல், கரண்ட் இல்லாமல், ஒரு லாரி பேட்டரியை வைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் பேசலாம் என்பதே எனக்குப் பாதித் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது.

மீதித் தூக்கத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தேன். நான் ஒருவன் மட்டும் ரேடியோ தெரிந்தவனாக இருந்தால், புயலன்று நான் மயங்கி விழுந்துவிட்டால் யார் பேசுவது? 'பேரிடர்த் தயார்நிலை' என்று போர்டில் எழுதியதும் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அதனால் பயிற்சிச் சேதிகளை எல்லாம் கோணங்கித்தனமாக எழுதினேன். 'முன்னாள் பிரசிடெண்டின் எருமை தண்ணித் தொட்டி மேல் ஏறிவிட்டது. இறங்க மறுக்கிறது. புல்லுக்கட்டு அனுப்பவும்.' இதை ஒரு பிள்ளை மைக்கில் வாசிக்க வேண்டும். விளையாட்டு மைதானத்தின் மறுமுனையில் இருக்கும் பிள்ளை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சிரித்தால் அவுட். வகுப்பு நிறைந்துவிட்டது.

அதில் சிரிக்கவே சிரிக்காத பெண் ஒருத்தி இருந்தாள். அந்தப் பள்ளியிலேயே கணக்கு வாத்தியாராக இருப்பவரின் மகள். கிழக்குத் தெரு. எருமையோ பேயோ, வந்த சேதியை வாங்கி, அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பாள். பிள்ளைகளில் அவள்தான் முதலில் ரேடியோ லைசென்ஸ் வாங்கினாள். வாங்கும்போது தஞ்சாவூரில் காலேஜ் முதல் வருஷம். லைசென்ஸை வாத்தியார் லேமினேட் பண்ணி என் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். அதிகம் பேசாத மனிதர். "நல்ல காரியம் பண்றீங்க சார்" என்றார். அந்த ஒரு வரியை வைத்து நான் ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் நிஜமாகவே புயல் வந்தது.

விடியும்போது காற்று நின்றது. வெளியே வந்து பார்த்தால் ஊர் வேறு ஊர் மாதிரி இருந்தது. தென்னை எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. கதிர் வாங்குகிற நேரத்தில் இருந்த சம்பா, பாய் விரித்தாற்போல் தண்ணீருக்குள். வாய்க்கால் கரை ரோட்டில் மரத்தின் மேல் மரம். போன் இல்லை, கரண்ட் இல்லை. இரவே ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் ரூமில் ரேடியோ செட்டை வைத்து, தண்ணீர்த் தொட்டி மேல் மூங்கில் நட்டு ஏரியலைக் கட்டினோம். நான் மைக்கைப் பிடித்துத் தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டேன். பதிலே இல்லை. டவுனும் அழிந்துவிட்டது, இந்த ஜில்லாவில் மிச்சம் நாங்கள்தான் என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. புயல் லீவுக்கு ஊருக்கு வந்திருந்த வாத்தியார் மகள் குனிந்து, செட்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஏரியல் வயரை எடுத்துச் சொருகித் திருகினாள். உடனே டவுன் கேட்டது.

டவுன் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் வகுப்பில் படித்துப் போன இரண்டு பையன்கள் இன்னொரு செட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு மைக்கை நான் தொடவில்லை. அவளே பார்த்துக்கொண்டாள். இங்கே இருக்கிறவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்று அனுப்புவாள். அங்கே விசாரித்து பதில் வரும். அவளே எழுந்து போய், எந்த வகுப்பறையில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் நேரில் சொல்லிவிட்டு வருவாள். உங்க மகன் லாட்ஜுலதான் இருக்காராம், உங்க அக்கா வீட்டுல ஓடுதான் போச்சாம், ஆளுங்க பத்திரமாம். மத்தியானத்துக்குள் அவள் வராந்தாவில் வந்தாலே ஜனங்கள் எழுந்து நின்றார்கள். ஒரு அம்மாள் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்குப் போட்டாள். நிவாரண வேலைக்கு வந்திருந்த வாத்தியார் பிஸ்கட் பெட்டியைப் பிரித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்பதாம் வகுப்பு அறையில் முன்னாள் பிரசிடெண்டு குடியிருக்கிற மேலத் தெருப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் கொத்தனார். வேளாங்கண்ணியில் ஒரு லாட்ஜ் கட்டட வேலை. புயல் வருகிறது என்று முந்தின நாளே பைக்கில் ஊருக்குக் கிளம்பியவர், வழியில் ஒரு சுவரோரம் ஒதுங்க, சுவர் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தலையில் அடி, வைத்தியம் நடக்கிறது என்று காலையில் சேதி வந்து, அதை வாத்தியார் மகள்தான் போய்ச் சொன்னாள். கொத்தனார் பெண்சாதி அழவில்லை. ஒரு பையில் அவருடைய கைலியையும் துண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, ரோடு எப்போது திறக்கும் என்று கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். ஜேசிபி ஒவ்வொரு மரமாக நகர்த்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆகிற நேரத்தில் செட் கூப்பிட்டது. வாத்தியார் மகள் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த பையன்களில் ஒருவன் பேசினான். கொத்தனார் இறந்துவிட்டார், தலையில் அடி, கடைசி வரைக்கும் நாங்கள் ரெண்டு பேரும் பக்கத்திலேயே இருந்தோம் என்றான். அவள் எருமைச் சேதியைத் திருப்பிச் சொன்ன அதே குரலில் அதையும் ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னாள். அவன் சரி என்றான். அவள் மைக்கை மேஜை மேல் வைத்தாள்.

ரூமில் முன்னாள் பிரசிடெண்டு இருந்தார். பிளஸ் டூ படிக்கிற அவர் மகன் இருந்தான். வாத்தியார் இருந்தார். நானும் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரசிடெண்டு, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், பெருமூச்சோடு சொன்னார்: "காலையிலேர்ந்து அந்தப் பொண்ணுதானே போய்ப் போய்ச் சொல்லிட்டு வருது. அதுவே இதையும் சொல்லிட்டா முடிஞ்சுது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தலையைக்கூட ஆட்டிவிட்டேன்.

வாத்தியார் பிஸ்கட் பெட்டியைக் கீழே வைத்தார். "வேணாங்க" என்றார்.

"பொம்பளைக்குப் பொம்பளை சொல்றது நல்லது வாத்தியாரே."

"இந்த ரூம்ல நீங்க இருக்கீங்க. உங்க மகன் இருக்கான். சார் இருக்காரு. எல்லாருக்கும் எப்படி ஒரே நேரத்துல எம் பொண்ணு ஞாபகம் வந்துச்சு?"

பிரசிடெண்டுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. அந்தக் காலம் மாதிரியெல்லாம் யாரும் நினைக்கவில்லை என்று ஏதோ முணுமுணுத்தார். வாத்தியார் குரலை உயர்த்தவே இல்லை. போர்டில் கணக்குப் போடுகிற நிதானத்தில் சொன்னார்.

"உங்க தெருவுல சாவு விழுந்தா ஊர் ஊராப் போய்ச் சேதி சொல்றது எங்க தெரு வேலை. உங்க தாத்தா செத்தப்ப எங்க அப்பாதான் நடந்தாரு. மன்னார்குடி வரைக்கும். தெருவுல நின்னுதான் சொல்லணும், வாசப்படி ஏறக் கூடாது. இனிமே அந்த வேலைக்கு வரலைன்னு சொன்னதுக்கு, ஒரு போகம் முழுக்க எங்க தெருவுல ஒருத்தருக்கும் நடவு கொடுக்கலை. அந்த வருஷம் நாங்க தின்னது என்னன்னு எனக்குத்தான் தெரியும். இன்னைக்கு எம் பொண்ணு அந்த வாசல்ல போய் நின்னா, நாளையிலேர்ந்து அவளை இந்தச் செட்டைத் தொட விட மாட்டேன்."

அந்தப் பெண் திரும்பினாள். "அப்பா, நான் ஆபரேட்டராப் போறேன்."

"உனக்கு ஆபரேட்டர். அவங்களுக்கு?"

பிரசிடெண்டு வேறு வழி சொன்னார். நம் பக்கத்து வழக்கம்தான். சீரியஸாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைப்போம், ரோடு திறந்ததும் நாலு பேர் கூடப் போய்ப் பக்குவமாகச் சொல்லலாம் என்றார். இதற்கும் நான் தலையாட்டினேன். அன்றைக்கு என் தலை யார் என்ன சொன்னாலும் ஆடியது.

"காலையிலேர்ந்து நான் சொன்னதை எல்லாரும் நம்பியிருக்காங்க சார்" என்றாள் அவள் என்னைப் பார்த்து. "இதுல ஒண்ணு பொய்னு தெரிஞ்சா, அப்புறம் யாரு நல்லா இருக்காங்கன்னு நான் சொன்னாலும் செத்துட்டாங்கன்னுதானே நினைப்பாங்க?"

"நான் போறேன்" என்று ஒரு குரல் கேட்டது. யாரந்த வீரன் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வராந்தா முழுக்க ஈரம். 'அவர் தவறிட்டாரும்மா' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்பதாம் வகுப்பு வாசலில் என் தலையைக் கண்டதும் உள்ளே ஒரு அம்மாள், "வந்துட்டாரு பாரு, கிரைண்டர்ல தண்ணி புடிக்கிறவரு" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அன்று முழுக்கச் சிரிப்பதற்கு ஒன்றும் கிடைக்காத ஜனங்கள். கொத்தனார் பெண்சாதியும் சிரித்தாள். பையை மடியில் இழுத்துக்கொண்டு, "ரோடு திறந்துட்டாங்களா அண்ணே?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்று வந்தது.

உப்புமா கொடுத்தார்கள் என்றாள். அந்த உப்புமாவைத் தின்றுமா பிழைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். எதற்காக அந்த வாயைக் கடவுள் எனக்குக் கொடுத்தாரோ. பயம் வந்தால் பாம்பு சீறும், பூனை முதுகைத் தூக்கும், நான் சிரிக்க வைப்பேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், அடங்கிவிட்டால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று, "உன் வீட்டுக்காரர் தவறிட்டாரும்மா" என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "இதுலயெல்லாம் விளையாடாதீங்க அண்ணே."

"விளையாடலைம்மா."

பக்கத்து அம்மாள் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். வயசாச்சே, புத்தி இருக்கா, எதுல விளையாடறதுன்னு இல்லையா என்றாள். இல்லம்மா, நிஜம்தான் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுக்குக் கோபம்தான் ஏறியது. என் கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் நடிப்பு என்றாள் ஒருத்தி. சாவைச் சொல்வதற்கு ஒரு முகம் வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளவே இல்லை.

கொத்தனார் பெண்சாதி என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். என் தோளுக்குப் பின்னால் வராந்தாவைப் பார்த்தாள். வாத்தியார் மகள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். என்னை நம்பாமல் பின்னாலேயே வந்திருக்கிறாள். அவளுக்கும் பின்னால் வாத்தியார்.

"பாப்பா, நீ சொல்லு. இவரு சும்மாதானே சொல்றாரு?"

அந்தப் பெண் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, படி ஏறி, ஜனங்களுக்கு நடுவில் நடந்து போய்க் கொத்தனார் பெண்சாதிக்கு எதிரே முட்டி தொட உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இறந்துட்டாரு. தலையில அடி. எங்க பசங்க ரெண்டு பேரு கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தாங்க. அவரு தனியா இல்லை."

கொத்தனார் பெண்சாதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பை மடியிலிருந்து சரிந்து கைலி வெளியே வந்தது. அதை மறுபடி மடித்து உள்ளே வைக்கப் பார்த்தாள். ஒரு கையால் மடிக்க வரவில்லை, இன்னொரு கையை விடவும் இல்லை. பிறகுதான் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

வராந்தாவில் வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க வேணும்னு பண்ணலை சார். எனக்குத் தெரியும். எப்பவுமே யாரும் வேணும்னு பண்றதில்லை."

மகள் வெளியே வந்ததும், வாம்மா, வீட்டுக்குப் போகலாம் என்றார். மணிக்கட்டில் விரல் பதிந்த சிவப்பு இருந்தது. இன்னும் பல பேருக்குப் பதில் வர வேண்டியிருக்கிறது என்றாள் அவள். அதை வாங்க லைசென்ஸ் இருக்கிற இன்னொரு ஆள் நான்தான். வாத்தியார் என் கைகளைப் பார்த்தார். இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

அவர் ஹெட்மாஸ்டர் ரூமுக்குள் போய்ச் சாக்பீஸை எடுத்தார்.

"முறை வைப்போம்" என்றார். "ஆத்துல தண்ணி விடுறாப்பல. நல்ல சேதியா கெட்ட சேதியான்னு பார்த்து ஆள் தேடக் கூடாது. சேதி வர்றதுக்கு முன்னாடியே போற ஆள் யாருன்னு முடிவாகியிருக்கணும். வர்றது எதுவா இருந்தாலும் முறைக்காரர் எடுத்துக்கிட்டுப் போகணும்."

போர்டில் முதல் பெயராகப் பிரசிடெண்டின் பெயரை எழுதினார். அவருக்குக் கீழே அவர் மகன். பிறகு நான், பிறகு தன் பெயர். மகள் பெயரைக் கடைசியில் எழுதினார். "அவ இன்னைக்கு முறையை முடிச்சிட்டா."

பிரசிடெண்டு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பொதுச்சுவரில் அவர் பெயர் எத்தனையோ இடத்தில் பெயிண்டில் இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு இடத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை. நான் அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி" என்றார்.

அவருக்கு வந்தது நல்ல சேதி. பேத்தி பிறந்திருக்கிறது என்று ஆறாம் வகுப்பு அறையில் ஒரு பாட்டியிடம் போய்ச் சொல்லிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தார். அதிர்ஷ்டமும் முறைப்படி வருகிறதா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

இருட்டுவதற்கு முன் செட் மறுபடி கூப்பிட்டது. வாத்தியார் மகள் வாங்கினாள், திருப்பிச் சொன்னாள். கொத்தனாரின் உடல் பற்றிய சேதி. ரோடு திறந்ததும் ஊருக்குக் கொண்டுவரவா, இல்லை அவர் சொந்தக்காரர்கள் இருக்கிற டவுனிலேயே எடுத்துவிடலாமா, வீட்டுக்காரம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு உடனே சொல்ல வேண்டும்.

எல்லாரும் போர்டைப் பார்த்தோம். அடுத்த முறைக்காரன் பிரசிடெண்டு மகன், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"அவன் சின்னப் பையன் வாத்தியாரே" என்றார் பிரசிடெண்டு. குரலில் அதிகாரம் எதுவும் மிச்சமில்லை. "நானே போயிட்டு வந்துடறேனே."

"எம் பொண்ணுக்கு இவனைவிட ஒரு வயசுதாங்க கூட."

பையன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அப்பாவைப் பார்க்கவில்லை. செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவளிடம் போய், மெதுவாக, "எங்க நின்னு சொல்லணும்க்கா?" என்று கேட்டான்.

"நிக்காதே" என்றாள் அவள். "உள்ள போய், கிட்ட உட்கார்ந்து சொல்லு."

அவன் போனான். கதவு வரைக்கும் அவன் கால் சத்தம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரசிடெண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். செட் கரகரத்தது. அவள் மைக்கை எடுத்து, சொல்லுங்க என்றாள். போர்டில் அடுத்த பெயர் என்னுடையது.